பணிவழி சரியானால் கணக்கும் சரியாகும்: சிறு உற்பத்திக் கூடங்களுக்கு ஒரு பாடம்

உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள் இன்று பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதாக இல்லை. ஐந்தாறு இயந்திரங்களைக் கொண்ட பட்டறைகளும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. மும்பையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் உரிமக் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆயினும் மென்பொருளை நிறுவிய பின்னரும் பல தொழிலகங்களில் அது விலைப்பட்டியல் அச்சிடவும் சரக்கிருப்பு பார்க்கவும் மட்டுமே பயன்படுகின்றது. காரணம், அதன் நடுநாயகமான பகுதியாகிய 'ரூட்டிங்' நிரப்பப்படாமலோ, மேம்போக்காக நிரப்பப்பட்டோ கிடப்பதுதான்.

ரூட்டிங் என்பதை நாம் 'பணிவழி' என்று அழைக்கலாம். ஒரு பொருள் மூலப்பொருளாக உள்ளே நுழைந்து, முடிந்த சரக்காக வெளியேறும் வரை எந்தெந்தப் பணிகளை, எந்த வரிசையில், எந்த இயந்திரத்தில், எவ்வளவு நேரத்தில் கடக்கின்றது என்பதன் எழுத்து வடிவமே பணிவழி. விற்பனை விலை, ஒப்படைக்கும் தேதி, வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கை ஆகிய மூன்றும் இதிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே இதனை எவ்வாறு அமைப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஊரிகம் மண் கற்பிக்கும் பாடம்

கோலார் தங்கவயல் வாசகர்களுக்குப் பணிவழி புதிய கருத்தன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கு பொறுப்பேற்றது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், மைசூர் ஆகிய சுரங்கங்களிலிருந்து 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. அந்தத் தங்கம் ஒவ்வொரு கிராமும் ஒரு பணிவழியைக் கடந்தே வந்தது.

பாறை முதலில் இடிப்பு ஆலையில் பொடியாக்கப்பட்டது. பொடி நீருடன் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மீது பாய்ந்தது. பாதரசத்தோடு ஒட்டிய தங்கம் சுரண்டி எடுக்கப்பட்டு, சூடேற்றிப் பிரிக்கப்பட்டு, உருக்கி வார்க்கப்பட்டது. தகட்டில் ஒட்டாத நுண்துகள்கள் கழிவோடு சென்றன. கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை இங்கும் வந்தபின், அக்கழிவிலிருந்தும் தங்கம் மீட்கப்பட்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள் அந்தக் கூடுதல் பணிப்படியின் எச்சமே.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, பணிகளின் வரிசை மாறக்கூடாது. இடிக்காத பாறை தகட்டிற்குச் செல்ல இயலாது. இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் உள்ளே சென்றது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்தால்தான் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பது தெரியும். அளவு தெரிந்ததனால்தான் கழிவு மீண்டும் மூலப்பொருளாயிற்று.

சுரங்கத் தொழில் முடிந்துவிட்டாலும் பொறியியல் தொழில் இவ்வூரை விட்டு நீங்கவில்லை. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தங்கவயல் வளாகத்தில் புல்டோசர்களும் அகழ் இயந்திரங்களும் உருவாகின்றன. இத்தகைய தொழில் நகரங்களில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளை மனத்திற்கொண்டே பின்வரும் எடுத்துக்காட்டை அமைத்துள்ளோம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை; ஒவ்வொருவரும் தத்தம் கூடத்தில் அளந்த எண்களை இட்டுக்கொள்ள வேண்டும்.

முதற்படி: பணி மையங்களை வரையறுத்தல்

மென்பொருளில் முதலில் உருவாக்க வேண்டியது 'ஒர்க் சென்டர்' எனப்படும் பணி மையம். சில மென்பொருள்களில் இது 'ஒர்க்ஸ்டேஷன்' என்றிருக்கும். ஓர் இயந்திரமோ, ஒரே தன்மையுடைய இயந்திரங்களின் தொகுதியோ, ஆய்வு மேசையோ பணி மையமாகலாம். ஒவ்வொன்றிற்கும் இரண்டு செய்திகள் தேவை: நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் உண்மையான நேரம், ஒரு மணி நேரத்திற்கான செலவு.

எட்டு மணி நேரப் பணிநாளில் இயந்திரம் எட்டு மணி நேரமும் ஓடுவதில்லை. தேநீர், துப்புரவு, மின்தடை, கருவி தேடுதல் ஆகியவற்றிற்கு ஒரு மணி நேரம் போனால் ஏழு மணி நேரமே மிஞ்சும். மாதம் 25 பணிநாள் எனக் கொண்டால் 175 மணி நேரம்.

லேத் ஒன்றின் மாதச் செலவைப் பார்ப்போம். இயக்குபவர் ஊதியம் ரூ.24,000; மின்சாரம் ரூ.8,000, வெட்டுக்கருவி, குளிர்விக்கும் எண்ணெய் ரூ.9,000, தேய்மானமும் பராமரிப்பும் ரூ.12,000, வாடகை, மேற்பார்வை ஆகியவற்றின் பங்கு ரூ.10,000. ஆக மொத்தம் ரூ.63,000. இதனை 175ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.360. எட்டு மணிக் கணக்கில் 200ஆல் வகுத்தால் ரூ.315 என்று வரும். ஓடாத நேரத்தையும் ஓடியதாகக் கொண்டதனால் மணிக்கு ரூ.45 கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றது. மாத இறுதியில் அது இலாபத்திலிருந்துதான் வெளியேறும்.

இரண்டாம் படி: பணிகளை வரிசைப்படுத்துதல்

ஓர் எஃகு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பணிவழி இவ்வாறு அமையும்:

10. அறுத்தல்: செட்டிங் 15 நிமிடம், ஒன்றுக்கு 3 நிமிடம், மணிக்கு ரூ.180
20. லேத் கடைசல்: செட்டிங் 60 நிமிடம், ஒன்றுக்கு 12 நிமிடம், மணிக்கு ரூ.360
30. எண்ணெய்த் துளையிடல்: செட்டிங் 30 நிமிடம், ஒன்றுக்கு 5 நிமிடம், மணிக்கு ரூ.240
40. வெப்பப் பதனம்: வெளிக்கூடத்தில், 4 நாள், ஒன்றுக்கு ரூ.60
50. கிரைண்டிங்: செட்டிங் 45 நிமிடம், ஒன்றுக்கு 8 நிமிடம், மணிக்கு ரூ.480
60. ஆய்வு: செட்டிங் இல்லை, ஒன்றுக்கு 2 நிமிடம், மணிக்கு ரூ.150

வரிசை எண்களை 1, 2, 3 என்று இடாமல் 10, 20, 30 என்று இடுவது வழக்கம். பின்னாளில் இடையே ஒரு பணி சேர நேர்ந்தால் 25 என்றோ 35 என்றோ இட்டுக்கொள்ளலாம். பழைய எண்கள் குலையா.

நேரத்தை எழுதும்போது நினைவை நம்பாமல் கடிகாரத்தைக் கொண்டு அளக்க வேண்டும். ஒரே பணியை வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு தொழிலாளர்கள் செய்யும்போது பத்து முறையேனும் குறித்து, சராசரியை எடுப்பது நலம். மிக விரைவாகச் செய்பவரின் நேரத்தைத் திட்ட நேரமாக எழுதினால் மற்றவர் அனைவரும் எந்நாளும் பின்தங்கியவராகவே மென்பொருளில் தெரிவர்.

செட்டிங் நேரத்தைத் தனியே காட்டுதல்

சிறு பட்டறைகளில் பெரும்பாலும் விடுபடுவது செட்டிங் நேரம். மேற்கண்ட பணிவழியில் செட்டிங் மொத்தம் 150 நிமிடம். ஷாஃப்ட் ஒன்றுக்கான ஓட்ட நேரம் மொத்தம் 30 நிமிடம். செட்டிங் நேரம் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகவே 100 ஷாஃப்ட் செய்தால் 3,150 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 31.5 நிமிடம். 25 செய்தால் ஒன்றுக்கு 36 நிமிடம். ஐந்து மட்டும் செய்தால் ஒன்றுக்கு 60 நிமிடம்.

இது விலையில் எவ்வாறு வெளிப்படுகின்றது? மூலப்பொருள் ஒன்றுக்கு ரூ.400 எனக் கொள்வோம். 100 ஷாஃப்ட் கொண்ட தொகுதியில் இயந்திரச் செலவு ஒன்றுக்கு ரூ.178.85, வெப்பப் பதனம் ரூ.60; அடக்கவிலை ரூ.638.85. ஐந்து மட்டும் கொண்ட தொகுதியில் இயந்திரச் செலவு ரூ.347 ஆகின்றது, அடக்கவிலை ரூ.807. இரண்டு வேண்டுகோளுக்கும் ரூ.720 என்று ஒரே விலை கூறினால் முன்னதில் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.81 இலாபம், பின்னதில் ரூ.87 நட்டம். வேலை ஓயாது நடந்தும் கையில் பணம் தங்காத பட்டறைகளில் இத்தகைய சிறு தொகுதிகளே ஓசையின்றி இலாபத்தைக் கரைக்கின்றன.

மென்பொருளில் செட்டிங் நேரத்திற்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே இடலாம். இல்லையெனில், எண்ணிக்கையால் மாறாத 'நிலையான நேரம்' எனக் குறித்து, செட்டிங்கைத் தனிப் பணியாகவே ஒரு வரியில் சேர்க்கலாம். ஓட்ட நேரத்தோடு கலந்து எழுதுவது மட்டும் கூடாது.

காத்திருப்பையும் வழியில் சேர்த்தல்

வேண்டுகோள் தருபவர், "எப்போது கிடைக்கும்?" என்று கேட்கிறார். நூறு ஷாஃப்ட், ஒன்றுக்கு 30 நிமிடம், ஆக 50 மணி நேரம். ஒரு வாரத்தில் தந்துவிடலாம் என்று மனக்கணக்கு சொல்கின்றது. பணிவழி சொல்வது வேறு. செட்டிங்கையும் சேர்த்து 52.5 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி வீதம் 7.5 நாள். வெப்பப் பதனத்திற்கு 4 நாள். ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே இயந்திரம் ஒழியக் காத்திருப்பது அரை நாள் என்றால் ஐந்து இடைவெளிக்கு 2.5 நாள். ஆக 14 பணிநாள். தேதி தவறினால் வாடிக்கையாளர் தாமதக் கழிவு பிடிப்பதோடு, அடுத்த வேண்டுகோளை வேறிடம் கொடுக்கவும் கூடும்.

தொகுதி முழுவதும் முடியும் வரை காத்திராமல், இருபது இருபதாக அடுத்த இயந்திரத்திற்கு அனுப்பினால் இந்த நாள்கள் குறையும். அதற்கும் மென்பொருளில் இடமுண்டு. எனினும் தொடக்கத்தில் எளிய வரிசையையே அமைத்து, அது கூடத்தில் நடப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னர் அடுத்த நுட்பத்திற்குச் செல்வதே முறை.

வெளிக்கூடப் பணி

வெப்பப் பதனம், முலாம் பூசுதல் போன்றவற்றைப் பிறரிடம் கொடுத்துச் செய்விப்பதும் பணிவழியில் ஒரு வரியாக இருக்க வேண்டும். சில மென்பொருள்களில் அதனை நேரடியாகச் சேர்க்கலாம். வேறு சிலவற்றில், வெளியே செல்லும் நிலையிலுள்ள பொருளுக்கு 'துளையிட்ட ஷாஃப்ட்' என்பதுபோல் தனிப் பொருள் எண் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். டெலிவரி சலான் இன்றி அனுப்பலாகாது, ஐ.டி.சி.-04 படிவத்திலும் காட்ட வேண்டும். பணிவழியில் அந்த வரி இருந்தால், எந்தச் சலானில் எத்தனை சென்றன, எத்தனை திரும்பின என்பதை மென்பொருளே காட்டும்.

கழிவு விழுக்காடு

நூறு ஷாஃப்ட் ஒப்படைக்க வேண்டும்; வழியில் 4 விழுக்காடு ஆய்வில் நிராகரிக்கப்படுகின்றது என்றால் 105இல் தொடங்க வேண்டும்; 104இல் தொடங்கினால் நூறு நிறையாது. நிராகரிப்பு எந்தப் பணியில் நிகழ்கின்றது என்பதும் முக்கியம். அறுத்தலில் போனால் இழப்பு ஏறத்தாழ மூலப்பொருளின் விலை. கிரைண்டிங்கில் போனால் அதுவரை செலவிட்ட அனைத்தும் போகும். ஆகவே கழிவைப் பணிவாரியாக ஜாப் கார்டில் குறிக்கும்படி அமைப்பது நலம்.

வங்கியின் பார்வையில் பணிவழி

இனி, கடன் கணக்கிற்கு இது எவ்வாறு பயன்படுகின்றது என்பதைக் காண்போம்.

நடைமுறை மூலதனக் கடன் பெற்றவர்கள் மாதந்தோறும் சரக்கிருப்பு அறிக்கை தருகின்றனர். மூலப்பொருளையும் முடிந்த சரக்கையும் எண்ணி எழுதிவிடுகின்றனர். இடையில் நிற்கும் அரைநிலைச் சரக்கிற்கு மட்டும் ஒரு மதிப்பீட்டுத் தொகை வந்து விழுகின்றது. அது எவ்வாறு வந்தது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

வெப்பப் பதனத்திற்குச் சென்றுள்ள நம் நூறு ஷாஃப்ட்டை மதிப்பிடுவோம். ஒன்றுக்கு மூலப்பொருள் ரூ.400, அறுத்தல் ரூ.9.45, கடைசல் ரூ.75.60, துளையிடல் ரூ.21.20. ஆக ரூ.506.25, நூறுக்கு ரூ.50,625. மூலப்பொருள் விலையில் எழுதினால் ரூ.40,000தான் வரும், விற்பனை விலையில் எழுதினால் ரூ.72,000 ஆகிவிடும். முன்னதில் பணம் எடுக்கும் வரம்பு தேவையின்றிக் குறைகின்றது. பின்னதில் இல்லாத மதிப்பிற்குக் கடன் எடுக்கப்படுகின்றது. சரக்கைத் தணிக்கை செய்யும்போது அது வெளிப்பட்டால் கணக்கின்மீதுள்ள நம்பிக்கையே குலையும். கணக்கியல் தரநிலை 2, அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே கொள்ளச் சொல்கின்றது. கடன் வட்டியை விலை கூறும்போது கருத்திற்கொள்ளலாம். பொதுவாகச் சரக்கிருப்பு மதிப்பில் சேர்க்கலாகாது. பிறரிடம் உள்ள சரக்கைத் தனியே காட்டுவதும் கட்டாயம். அதற்கு வரம்பு அளிக்கப்படுமா என்பதைக் கடன் ஒப்புதல் நிபந்தனைகளே முடிவு செய்யும்.

அடுத்து, எவ்வளவு மூலதனம் தேவை என்ற கேள்வி. குறு, சிறு தொழிலகங்களுக்கு ரூ.5 கோடி வரையிலான வரம்பை, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 விழுக்காடு என நாயக் குழுவின் வழியில் கணிக்கிறோம். இது மூன்று மாதச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. தம் சுழற்சி அதனினும் நீண்டது என்று கூறுபவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அளந்து எழுதிய பணிவழியைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை.

ஜான் லிட்டில் என்னும் அறிஞர் 1961இல் நிறுவிய விதி இங்கு உதவும்: வழியில் நிற்கும் சரக்கு, ஒரு நாள் உற்பத்தியை வழி கடக்கும் நாள்களால் பெருக்கினால் வருவது. நாளுக்கு 25 ஷாஃப்ட், 14 நாள் எனில் எந்நேரமும் 350 ஷாஃப்ட் வழியில் நிற்கும். சராசரி ரூ.500 எனக் கொண்டால் ரூ.1,75,000 அங்கே முடங்கியுள்ளது. காத்திருப்பில் இரண்டு நாளைக் குறைத்தால் ரூ.25,000 விடுபடும், அதற்கு வட்டியும் இல்லை, பிணையும் இல்லை.

மூன்றாவது, புதிய இயந்திரத்திற்கான கடன். நம் எடுத்துக்காட்டில் நூறு ஷாஃப்ட்டிற்கு லேத் 21 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றது. மாதம் 175 மணி நேரத்தில் எட்டுத் தொகுதிக்குமேல் இயலாது. இரண்டாவது லேத் வாங்கினால் உற்பத்தி இருமடங்காகும் என்று கருதுவது இயல்பு. ஆனால் கிரைண்டிங் ஒரு தொகுதிக்கு 14 மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுக்கின்றது. அங்கே பன்னிரண்டு தொகுதிதான் கடக்க முடியும். லேத் இரண்டானாலும் வளர்ச்சி எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான். தவணைத் தொகையைப் பதினாறு தொகுதியின் வருவாயை நம்பி ஏற்றுக்கொண்டால், முதல் ஆண்டிலேயே இடர்ப்பாடு தொடங்கும். இதனை முன்னரே அறிந்தால், சிறிய கடனாகக் கேட்கலாம். அல்லது முதலில் லேத் செட்டிங் நேரத்தைக் குறைக்க முயலலாம். அல்லது கிரைண்டிங்கில் ஒரு பகுதியை வெளியே கொடுக்கலாம்.

தொடங்குவோர் கவனத்திற்கு

எல்லாப் பொருள்களுக்கும் ஒரே நாளில் பணிவழி எழுத முயல வேண்டாம். விற்பனையில் பெரும்பங்கு வகிக்கும் ஐந்து பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் அவற்றை மட்டும் பின்பற்றலாம்.

பணிவழியைக் கணினி முன் அமர்பவர் தனியே எழுதலாகாது. பல ஆண்டுகள் அந்த இயந்திரத்தோடு வாழ்ந்த மேஸ்திரியை உடன்வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எந்த எஃகிற்கு எந்த வேகம், எந்தப் பணிக்குமுன் எதனைச் சரிபார்க்க வேண்டும் என்பவை பெரும்பாலும் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த அறிவும் உடன் சென்றுவிடாமல் காப்பது, மென்பொருள் செய்யும் உதவிகளுள் தலையாயது.

செய்முறை மாறும்போது பழைய பணிவழியை அழித்து எழுதாமல், தேதியிட்டுப் புதிய பதிப்பாக அமைக்க வேண்டும். அப்போதுதான் சென்ற ஆண்டின் அடக்கவிலையையும் இவ்வாண்டின் அடக்கவிலையையும் ஒப்பிட இயலும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை திட்ட நேரத்தையும் ஜாப் கார்டில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டு, தொடர்ந்து வேறுபாடு இருந்தால் திட்ட நேரத்தைத் திருத்த வேண்டும்.

மென்பொருள் தானாக எதையும் அறிவதில்லை. நாம் எழுதிய நேரத்தையே விலையாகவும் தேதியாகவும் இருப்பு மதிப்பாகவும் திருப்பித் தருகின்றது. அடுத்த முறை வரம்பைப் புதுப்பிக்கக் கிளைக்கு வரும் தொழில்முனைவோர், தணிக்கை செய்த கணக்குகளுடன் முதன்மையான ஒரு பொருளின் பணிவழித் தாளையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். அரைநிலைச் சரக்கின் மதிப்பு, சுழற்சியின் நீளம், புதிய இயந்திரத்தின் தேவை ஆகிய மூன்றையும் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே கிளை அதிகாரிகளுடன் அமர்ந்து பேசலாம்.